நடுவழியில் நின்ற கார்

சித்திரை வெயில். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் பழைய அம்பாசடர் கார் நடுவழியில் நின்றுவிடுகிறது. அரை மணி கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடவாததுபோல் கிளம்புகிறது! ஏன்?

பெட்ரோல் பல திரவங்களின் கலவை. அவற்றுள் இலேசானவை சுமார் 40 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும். எஞ்சினை ஒட்டியுள்ள பெட்ரோல் பம்பு சூடேறினால், உள்ளே ஆவிக்குமிழ்கள் சேரும். பம்பு அந்தக் குமிழ்களை அழுத்துமே தவிர, பெட்ரோலைத் தள்ளாது. இதுவே ஆவியடைப்பு.

ஆனால் அவசரப்படாதீர்கள்! மின்பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும் இக்னிஷன் காயிலும் சூட்டில் செயலிழந்து, ஆறியபின் சரியாகலாம். குற்றவாளி எது? பம்பின்மேல் மட்டும் ஈரத்துணியைச் சுற்றுவார் மெக்கானிக். காயில் ஆறுவதற்குமுன் வண்டி கிளம்பினால், ஆவியடைப்புத்தான். நல்ல காயிலை வீணாக மாற்ற வேண்டாம். கிளம்பாவிட்டால், அடுத்துக் காயிலைச் சோதிப்பார்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்ப்பது உங்கள் ஆய்வுக்கூடத்திலும் விதிதானே!