கொம்பு வில்லாகும் வகை

திருமாலின் வில்லுக்குச் சார்ங்கம் என்பது பெயர். ஆண்டாள் அருளிய திருப்பாவையிலும் அப்பெயர் பயில்கிறது. சிருங்கம் என்னும் வடசொல் கொம்பைக் குறிக்கும். அதன் அடியாகப் பிறந்த சார்ங்கம் என்னும் சொல்லுக்குக் கொம்பினால் ஆயது என்பதே நேர்ப்பொருள். பெயரை அறிந்த நாம், விலங்கின் தலையில் முளைக்கும் கொம்பு எங்ஙனம் வில்லாகும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. கொம்பை வளைத்தால் முறியாதோ என்னும் ஐயம் இயல்பாகவே எழும். அதற்கு விடை தரும் கைத்தொழில் சீனம், கொரியா, துருக்கி ஆகிய நாடுகளில் பல நூற்றாண்டுகள் செழித்திருந்தது.

வில்லை வளைக்குங்கால் எய்வோனை நோக்கிய அகப்புறம் நெருக்குண்ணும்; இலக்கை நோக்கிய வெளிப்புறம் இழுபடும். மரம் ஒன்றே இவ்விரண்டையும் தாங்க வேண்டுமாயின் வில் நீண்டதாக இருத்தல் வேண்டும். குதிரைமேல் அமர்ந்து எய்வோனுக்கோ நீண்ட வில் பெருந்தடை. ஆதலின் நடுவே மெல்லிய மரத்தை வைத்து, நெருக்கத்தைத் தாங்கவல்ல கொம்பை அகப்புறத்திலும், இழுப்பைத் தாங்கவல்ல தசைநாணை வெளிப்புறத்திலும் ஒட்டிக் குட்டையான, ஆனால் வலிமை மிக்க வில்லை ஆக்கினர். கூட்டுவில் என்று இதனைக் குறிக்கலாம்.

எல்லாக் கொம்பும் இதற்கு ஆகாது. சீனத்தின் மிகப் பழைய கைவினை நூலாகிய காவ்கோங்ஜி கொம்பு தெரியும் முறையை வியக்கத்தக்க நுட்பத்துடன் கூறுகிறது. இளமாட்டின் கொம்பு நேராகவும் பொலிவாகவும் இருக்கும். முதிர்ந்ததன் கொம்பு முறுக்கேறி வறண்டிருக்கும். நெடுநாள் நோயுற்றதன் கொம்பு உள்ளே பழுதுபட்டிருக்கும். இலையுதிர் காலத்தில் அறுத்த மாட்டின் கொம்பு தடித்தும், இளவேனிலில் அறுத்ததன் கொம்பு மெலிந்தும் இருக்குமாம். அடி வெண்மையாகவும், நடு நீலம் பாய்ந்தும், நுனி பருத்தும் நீண்டு வளர்ந்த கொம்பே தலையாயது. அத்தகைய கொம்புடைய மாட்டினை, மாட்டைச் சுமக்கும் மாடு என்று அந்நூல் வழங்குகிறது. கொம்பின் விலையே ஒரு மாட்டின் விலைக்கு ஈடாம் என்று உரைகாரர் விளக்குவர். தொழிலறிந்தோர் வாய்ச்சொல் இலக்கியமாகும் இடங்களுள் இதுவும் ஒன்று என்போம்.

பிற்காலத்தில் நீரெருமையின் நீண்ட கொம்பே பெரிதும் விரும்பப்பட்டது. நீரெருமை இயல்பாக வாழாத கொரியா அதனைப் பிற நாடுகளிலிருந்தே பெற வேண்டியிருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் ரியூக்யூத் தீவுகளிலிருந்து எருமைகளை வருவித்து அங்கே வளர்க்க முயன்றதும் உண்டு. படையின் வலிமை எருமையின் தலையைச் சார்ந்து நின்ற காலம் அது!

இனித் துருக்கியர் முறையைக் காண்போம். ஒரே விலங்கின் இரு கொம்புகளைக் கொள்வது சிறப்பு. அப்பொழுதுதான் வில்லின் இரு கைகளும் ஒத்து வளையும். உள்ளிருக்கும் எலும்புத் தண்டை நீக்கியபின், கொம்பின் வெளிவளைவை ஒட்டி நீண்ட பட்டையாக அறுத்தெடுப்பர். கொம்பு நம் நகத்தின் இனத்தைச் சேர்ந்த பொருள். வெப்பத்தில் இளகும், ஆறியபின் பிடித்த வடிவிலேயே நிற்கும். கொதிநீரில் இட்டு இளக்கி, பலகைகளுக்கிடையே அழுத்தி நிமிர்த்துவது இதனாலேயே இயல்கிறது. தீயில் நேரே காட்டி அவசரப்படுவோனுக்குக் கிடைப்பது வெடித்த கொம்பே.

நிமிர்ந்த பட்டையைச் சீவி, ஒட்டவேண்டிய பக்கத்தில் பற்களையுடைய கருவியால் நீளவாக்கில் நெருங்கிய பள்ளங்கள் கீறுவர். மேப்பிள் மரத்தாலான நடுப்பகுதியிலும் அவ்வாறே கீறுவர். ஒன்றன் வரப்பு மற்றதன் பள்ளத்தில் அமரும். பசை பற்றும் பரப்பும் பெருகும். கீறிய முகத்தைக் கையால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசையே ஒட்டைக் கெடுத்துவிடும். தசைநாணையும் தோலையும் காய்ச்சி எடுக்கும் வச்சிரத்தை முதலில் நீர்க்கப் பலமுறை பூசி உலர்த்துவர். பிறகே கெட்டியாகப் பூசி இணைத்து, கயிற்றால் நெருங்கச் சுற்றி இறுக்குவர். பிடியில் இரு கொம்புகளும் சந்திக்கும் இடத்தில் சிறு எலும்புத் துண்டொன்று இடம்பெறும். ஒட்டுவதற்குக் குளிர்காலமே ஏற்றது. பசை மெல்ல இறுகி உள்ளே ஊறும். அதன்பின் தசைநாண் வேய்ந்து மாதக்கணக்கில் உலரவிடுவர். உலர உலர வில் எதிர்ப்புறமாக வளைந்து, இரு நுனிகளும் ஒன்றையொன்று நெருங்கும்.

துப்பாக்கி வந்தபின்னும் இஸ்தான்புல் நகரின் ஓக்மைதானில் இவ்வில் விளையாட்டாக வாழ்ந்தது. சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் விருப்பப்படி முஸ்தபா கானி என்பார் வில்லாக்கத்தையும் எய்முறையையும் ஒரு நூலாகத் தொகுத்தார். 1847இல் அது அச்சேறியது. தொழில் பின்னர் நலிந்தது. ஆயினும் அந்நூலை யோவாகிம் ஹைன் 1925, 1926ஆம் ஆண்டுகளில் ஜெர்மன் மொழியில் தந்தார். அதனைத் துணைக்கொண்டு அமெரிக்க இயற்பியலறிஞர் பால் கிளாப்ஸ்டெக் 1934இல் ஆங்கில நூல் எழுதினார். துருக்கிய வில்வித்தை 2019இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இன்று கூட்டுவில் செய்ய முனைவோர்க்கு அந்நூல்கள் வழிகாட்டுகின்றன. எனினும், கொம்பு போதுமான அளவு இளகியதா என்பதை விரல்தான் சொல்ல வேண்டும். அது கூடிவரும்வரை அவர்கள் பல கொம்புகளை வெடிக்கவிட்டே கற்க வேண்டியுள்ளது.