சீருடை களைந்த பின்

போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எடுத்ததோடு பழந்தமிழகம் நின்றுவிடவில்லை. அவன் வழியினர் வாழ்வதற்கு நிலக்கொடையும் அளித்தது. குருதி சிந்தியதன் பொருட்டுக் கிடைத்த அந்நிலம் ‘உதிரப்பட்டி’ எனப்பட்டது. கல்லை வணங்குவது எளிது. நிலத்துக்கு எல்லை குறித்து உரியவர் கையில் சேர்ப்பதற்கு விவரம் அறிந்தோர் ஊரில் இருத்தல் வேண்டும். இன்றைய நிலையும் அதுவே. ஓய்வூதியம், மருத்துவம், கல்வி உதவி எனத் திட்டங்கள் பல உள்ளன. ஆயின், அவை படைவீரரின் வீட்டு வாசலை அடையும் வழியில் நிற்போர் பெரும்பாலும் படை வாழ்வை அறியாத குடிமக்களே. வங்கி எழுத்தர், கிராம நிர்வாக அலுவலர், செவிலியர், ஆசிரியர் ஆகியோர் படைக்குடும்பங்களைப் பற்றிக் கற்றறிய வேண்டியவை பல உள.

முதலில் அறிய வேண்டுவது வயது. ஓய்வுபெற்றவர் என்றதும் நரைத்த முதியவரையே மனம் எண்ணுகிறது. சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது 15 ஆண்டுப் பணி தேவை. பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்தவர் நாற்பதை எட்டுமுன்னரே சீருடையைக் களைந்து ஊர் திரும்புகிறார். பிள்ளைகள் பள்ளியில் பயிலும் காலம் அது. 2022ஆம் ஆண்டு அறிமுகமான அக்னிபத் திட்டத்தில் பணிக்காலம் நான்கே ஆண்டுகள். அதன்பின் நால்வருள் ஒருவர் வரையே படையில் தொடர இயலும். ஏனையோர் இருபதுகளிலேயே, ஓய்வூதியமின்றி, வேறு தொழில் தேடுவர். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போல, வீட்டுக்கு வீடு படைவீரர் உள்ள ஊர்களில் இவர்களின் இயல்பு அனைவருக்கும் தெரியும். பிற ஊர்களில் வேலை தருவோர்க்கு இவர்களின் திறனை மதிப்பிடத் தெரிவதில்லை. தகவல் தொடர்புக் கருவிகளைப் பனிமலை உச்சியில் பழுதுபார்த்தவருக்குக் காவலாளி வேலை ஒன்றே பொருத்தம் எனக் கருதுவது அறியாமையன்றி வேறில்லை.

ஓர் எழுத்தால் வரும் இடர்

படைவீரரின் திருமணம், குழந்தைப் பிறப்பு முதலியவை அவருடைய பணி ஆவணத்தில் ‘இரண்டாம் பகுதி ஆணை’ வழியாகப் பதிவாகின்றன. அப்பதிவில் மனைவியின் பெயர் லட்சுமி என்றும், ஆதார் அட்டையில் முத்துலட்சுமி என்றும் இருப்பதாகக் கொள்வோம். கணவர் வாழும் காலத்தில் இவ்வேறுபாடு எவர் கண்ணிலும் படுவதில்லை. அவர் மறைந்து குடும்ப ஓய்வூதியம் கோரும் நாளில்தான் அது மலையென எழுந்து நிற்கிறது.

தமிழர் பெயரிடும் முறையும் இதற்குத் துணைபோகிறது. நமக்குக் குடும்பப்பெயர் இல்லை, முன்னெழுத்தே உண்டு. குடும்பப்பெயரைக் கேட்கும் படிவத்தில் ஒருவர் தந்தை பெயரை எழுதுகிறார்; மற்றொருவர் ஊர்ப்பெயரை எழுதுகிறார்; திருமணத்திற்குப் பின் பெண்ணின் முன்னெழுத்தும் மாறிவிடுகிறது. வடமாநிலத்தில் இருக்கும் எழுத்தர், காதால் கேட்ட தமிழ்ப்பெயரை ஆங்கில எழுத்தில் பதிகையில் பிழை நேர்தலும் இயல்பு. இவற்றைத் திருத்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தை நாட வேண்டும். மதராஸ் படைப்பிரிவினர்க்கு அவ்வலுவலகம் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ளது. கணவரை இழந்த பெண் ஒருத்தி, பொருள் விளங்காத ஆங்கிலக் கடிதத்தைக் கையில் ஏந்தி அலைவதைவிட, வீரர் நலமாக இருக்கும்போதே பெயர்களை ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுதல் நன்று. இதைச் சொல்லித்தர ஊரில் ஒருவர் பயிற்சி பெற்றிருந்தாலே போதும்.

ஓய்வூதிய நடைமுறையும் மாறிவிட்டது. முன்பு வங்கிகள் கணக்கிட்டு வழங்கிய ஓய்வூதியத்தை, இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்னும் இணைய அமைப்பின் வழியே பாதுகாப்புத்துறைக் கணக்குப் பிரிவு நேரடியாக வழங்குகிறது. ஆண்டுதோறும் தரவேண்டிய வாழ்நாள் சான்று தவறினால் தொகை நின்றுவிடும். பழைய வழக்கப்படி வங்கிக்கே செல்லும் முதியவரிடம், ‘இங்கு ஒன்றும் செய்ய இயலாது’ என்று கூறி அனுப்பிவிடாமல், பொதுச் சேவை மையத்தையோ மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையோ எழுத்தர் சுட்டிக்காட்ட வேண்டும்.

வினவும் முறை

அமெரிக்கச் செவிலியர் அகாதெமி 2013ஆம் ஆண்டில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. நோயாளியிடம், ‘நீங்கள் எப்போதேனும் படையில் பணியாற்றியதுண்டா?’ என வினவுமாறு மருத்துவப் பணியாளரை அது ஊக்குவித்தது. ‘நீங்கள் முன்னாள் படைவீரரா?’ என்று கேட்டால், போர்முனை காணாத பலர் இல்லை என்று விடைகூறி விடுவர். சொல்லை மாற்றியதும் விடை மாறுகிறது. செவித்திறன் குறைவு, உறக்கமின்மை, பழைய காயம் ஆகியவற்றின் காரணமும் விளங்குகிறது.

கேட்கத் தகாதனவும் உண்டு. ‘எத்தனை பேரைச் சுட்டீர்கள்?’ என்னும் வினா, திருமண வீடுகளில் வேடிக்கையாக எழுப்பப்படுகிறது. மறக்க முயலும் ஒன்றை அது கிளறிவிடும். தீபாவளி இரவில் திடீரென வெடிக்கும் வெடி சிலரை நிலைகுலையச் செய்வதுண்டு. அது கோழைத்தனம் அன்று; கடும் நெருக்கடிக்குப் பின் உடலில் தங்கிவிட்ட எச்சரிக்கை உணர்வு. அருகிலிருப்போர் கேலி செய்யாது அமைதியாக உடனிருத்தல், மருத்துவரை நாடத் துணைபுரிதல், 14416 என்னும் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணைத் தெரிவித்தல் ஆகியவை சாதாரண மக்களும் கற்றுக்கொள்ளக் கூடியவை.

பள்ளிக்கும் இதில் பங்குண்டு. தந்தையின் இடமாற்றத்தால் மாநிலம் மாறும் குழந்தைக்குப் பாடமும் மொழியும் ஒருசேர மாறுகின்றன. எல்லையில் பதற்றம் நிலவும் நாளில், வகுப்பறையில் அனைவர் முன்னிலையிலும் ‘அப்பாவிடமிருந்து செய்தி வந்ததா?’ எனக் கேட்கும் அன்பு அக்குழந்தைக்குச் சுமையாகிவிடும்.

சட்டம் தரும் துணை

வீரர் எல்லையில் இருக்க, ஊரில் வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும் காத்திருப்பதில்லை. போர்ச் சூழல் முதலிய சிறப்பு நிலைகளில் பணிபுரியும் வீரர் நேர்நிற்க இயலாத உரிமையியல் வழக்கை நிறுத்திவைக்க, 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் வழிசெய்கிறது. 2025 ஜூலையில் தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ‘வீர் பரிவார் சகாயதா யோஜனா’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. படைவீரர் நல அலுவலகங்களில் சட்ட உதவி மையங்கள் அமைப்பது அதன் நோக்கம்.

நீதிமன்றம் வரை செல்லாத சிக்கல்களே மிகுதி. தரைப்படை வீரர்க்கு ஆண்டில் 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. தொலைதூரப் பயணம், உறவினர் வீட்டு நிகழ்வுகள், மருத்துவமனை, பிள்ளைகளின் பள்ளி என அந்நாள்கள் விரைந்து கரைகின்றன. நில அளவைக்கு நாள் குறிக்கும் அலுவலர், வீட்டிலுள்ள பெண்ணிடம் ‘அவருக்கு விடுப்பு எப்போது?’ என்று கேட்டு நாள் குறித்தால், அடுத்த விடுப்பு வரை அவ்வேலை தள்ளிப்போகாது.