வாங்காத கடன்

அவர் தையல் வேலை செய்பவர். மகளிர் சுயஉதவிக் குழுவில் உறுப்பினர். குழுக் கடனைத் தவணை தவறாமல் கட்டியவர். தீபாவளிக்கு முன் சொந்தமாக ஒரு தையல் மிஷின் வாங்க விரும்பினார். வங்கிக்குப் போய்க் கடன் கேட்டார்.

மேலாளர் கணினியைப் பார்த்தார்.

“அம்மா, உங்கள் பெயரில் 15,000 ரூபாய் கடன் நிலுவை இருக்கிறது. ஆறு மாதமாகத் தவணை கட்டவில்லை. இப்போது கடன் தர முடியாது.”

“ஐயா, நான் அப்படி ஒரு கடனே வாங்கவில்லையே!”

அவருக்கு அழுகை வந்தது. மேலாளர் உட்காரச் சொன்னார்.

“ஆதார், பான் அட்டை ஜெராக்ஸை யாருக்காவது கொடுத்தீர்களா?”

அவருக்கு நினைவு வந்தது. சந்தையில் ஒருவன், “குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கித் தருகிறேன்” என்றான். ஜெராக்ஸை வாங்கிக்கொண்டான். செல்போனில் வந்த எண்ணையும் கேட்டு வாங்கினான். பிறகு அவனைக் காணவில்லை.

“அந்த எண்தான் ஓ.டி.பி. அதைச் சொல்வது வெற்றுத் தாளில் கைநாட்டு வைப்பது போல” என்றார் மேலாளர்.

கடன் வாங்கியவரின் விவரங்களை வங்கிகள் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கின்றன. இந்தியாவில் இப்படி நான்கு நிறுவனங்கள் உள்ளன. சிபில் அவற்றில் ஒன்று. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ரிசர்வ் வங்கி இவற்றை மேற்பார்வை செய்கிறது. இவை 300 முதல் 900 வரை மதிப்பெண் போடுகின்றன. ஒழுங்காகக் கட்டினால் மதிப்பெண் ஏறும். தவறினால் இறங்கும். அடுத்தவர் செய்த மோசடியிலும் நம் மதிப்பெண்தான் இறங்கும்.

ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதைப் பார்த்தால் வாங்காத கடன் தெரிந்துவிடும்.

மேலாளர் வழி சொன்னார். அவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். பண மோசடிக்கான 1930 என்ற எண்ணுக்கும் பேசினார். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் எழுதினார். ஒவ்வொரு புகாருக்கும் நகல் வைத்துக்கொண்டார். இத்தகைய புகாரை 30 நாளில் தீர்க்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இந்த விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது.

பொய்க் கடன் நீக்கப்பட்டது. மிஷினும் வந்தது. ஆனால் அதற்குள் தீபாவளி போய்விட்டது. அந்தப் பருவத்தின் வருமானமும் போய்விட்டது.

இப்போது அவர் ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்வதில்லை. முடிந்த இடங்களில், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் ஆதார் பிரதியையே கொடுக்கிறார். ஜெராக்ஸ் கொடுத்தால் அதன் குறுக்கே கோடு போடுகிறார். “எரிவாயு இணைப்புக்கு மட்டும்” என்பது போலக் காரணம் எழுதுகிறார். தேதி போட்டுக் கையெழுத்தும் போடுகிறார்.

அவர் கற்ற எழுத்து அவருக்குக் காவலாக நிற்கிறது.