ஆடு மேய்ந்த தரவையில் அரசர் ஆட்டம்

காலபோக அறுவடை முடிந்து, வயல்களில் அரிதாள் மாத்திரம் நின்றுகொண்டிருந்த ஒரு பிற்பகலில், ஓமந்தையில் எமக்கு நெடுநாட் பழக்கமுள்ள மூதாட்டி ஒருவரின் வீட்டு முற்றத்தில் அமர்ந்திருந்தோம். தேநீர் வந்தது. அதனைத் தொடர்ந்து ஆச்சியின் கைபேசியும் வந்தது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை அனுப்பிய படங்களைக் காட்டாமல் விருந்தினரை எழும்ப விடும் வழக்கம் வன்னியில் எந்த வீட்டிலும் இல்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

படத்தில் கடல் தெரிந்தது. கடலுக்கு இப்பால் மணல்மேடுகளும், அவற்றை அடுத்துக் குட்டைப் புல் படர்ந்த மேடுபள்ளமான ஒரு வெளியும் கிடந்தன. மரமென்று சொல்ல ஒன்றுமில்லை. தொலைவிலே பழைய கற்கட்டிடங்கள் சில. நடுவில் நாலைந்து பெரியவர்கள் குளிருக்கு அஞ்சிக் கம்பளிச் சட்டை அணிந்து, கையில் தடியுடன் நின்றனர்.

"உது ஆற்றை தரவை, தம்பி? இவ்வளவு புல்லுக் கிடக்குது, மாடு ஒண்டையும் காணேல்லை. தடியோடை நிக்கிறவையள் மேய்க்கிறவையளோ?" என்று ஆச்சி கேட்டார்.

நாம் சிரித்துவிட்டோம். வீடு திரும்பும் வழியிலேதான், அந்தக் கேள்வி சிரிப்புக்குரியதன்று என்பது எமக்குப் பட்டது. அந்த வெளியின் அறுநூறு ஆண்டு வரலாற்றை அதனிலும் சுருக்கமாக ஒருவர் கேட்டுவிட முடியாது.

ஆச்சியின் மகன் ஸ்கொட்லாந்தில் வாகனச் சாரதியாக இருக்கிறார். கோல்ப் ஆடும் செல்வந்தர்களை, பெரும்பாலும் அமெரிக்கர்களை, விமான நிலையத்தில் ஏற்றிக்கொண்டு ஒரு கிழமையோ பத்து நாளோ கடற்கரை ஆட்டத் திடல்கள் தோறும் கொண்டு திரிவதே அவர் தொழில். மேற்குக் கரையில் பிரெஸ்ட்விக், ட்ரூன், டேர்ன்பெரி. கிழக்கே மியர்ஃபீல்ட், நோர்த் பெரிக். பின்னர் சென் அன்ட்ரூஸ், கார்னூஸ்டி. சிலர் இன்னும் வடக்கே டோர்னொக் வரையும் செல்வர். ஆனி மாதத்தில் அங்கு இரவு பத்து மணிக்கும் பந்து கண்ணுக்குத் தெரியுமாம். பழைய மாளிகைகளே தங்குமிடங்கள். உணவுக்கும் பானத்துக்கும் குறைவில்லை. சென் அன்ட்ரூஸின் பழைய திடலில் ஒருவர் ஒரு முறை ஆடுவதற்கு 2024ஆம் ஆண்டின் வேனிற் காலத்தில் 320 பவுண் வாங்கினார்கள். அதற்கும் பலர் சீட்டுக் குலுக்கலில் பெயர் விழக் காத்திருக்க வேண்டும். பணம் இருந்தும் ஆட முடியாது திரும்புவோர் பலர்.

இத்திடல்களை ஆங்கிலத்தில் 'லிங்ஸ்' என்பர். மேட்டு நிலத்தைக் குறித்த ஒரு பழஞ்சொல்லிலிருந்து வந்தது அது. கடலுக்கும் உழவு நிலத்துக்கும் இடையே கிடக்கும் மணற்பாங்கான வெளியே லிங்ஸ். ஏர் பூட்டினால் விளையாது. மரம் நட்டால் கடற்காற்று நிற்க விடாது. ஆகவே அதனை எவரும் தமதென்று வேலி கட்டவில்லை. ஊரார் ஆடு மேய்த்தனர். முயல்கள் புல்லைக் கறித்துக் குட்டையாக்கின. மழை பெய்தால் மணல் நீரை உடனே குடித்துவிடும். தரை இறுகி நிற்கும். பந்து விழுந்த இடத்திலிருந்து நெடுந்தூரம் உருண்டோடும். காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் படுத்துப் படுத்துத் தேய்த்த பள்ளங்களே இன்று ஆட்டக்காரரை அழவைக்கும் மணற்குழிகளாயின என்றும் சொல்வர். திடலை ஒரு சிற்பி வகுக்கவில்லை. காற்றும் ஆடும் முயலும் வகுத்தன. எங்கள் ஊர்களில் குளத்து அலைகரையும் தரவையும் எப்படியோ, அந்த ஊர்களுக்கு லிங்ஸ் அப்படி. ஆச்சி கண்டது தரவையேதான்.

அத்தகைய வெறும் நிலத்தில் பிறந்த ஆட்டத்தை அரசர்கள் முதலில் விரும்பவில்லை. வில்வித்தையைக் கைவிட்டு இளைஞர் இதிற் பொழுதைக் கழிக்கின்றனர் என்று 1457இல் ஸ்கொட்லாந்தின் பாராளுமன்றம் கோல்பைத் தடை செய்தது. தடை மேலும் இருமுறை புதுப்பிக்கப்பட்டது. ஒரு தடை மீண்டும் மீண்டும் விதிக்கப்படுகிறது என்றால் அதனை யாரும் பொருட்படுத்தவில்லை என்பதே பொருள். 1502இல் நான்காம் ஜேம்ஸ் மன்னரே கோல்ப் தடிகள் வாங்கியமைக்குக் கணக்கேடு சான்று தருகிறது.

சென் அன்ட்ரூஸ் நகரின் கதை தனியே சொல்லத்தக்கது. 1552இல் அவ்வூர்ப் பேராயர் ஜோன் ஹமில்ட்டன் ஒரு சாசனம் எழுதினார். திடலில் முயல் வளர்க்கும் உரிமை அவருக்கு. கோல்பும் உதைபந்தும் ஆடவும் ஏனைய பழைய உரிமைகளை அனுபவிக்கவும் ஊராருக்குத் தடையில்லை. பெண்கள் துணி வெளுத்து உலர்த்தியதும் அந்த வெளியிலேதான். பந்து துணியின்மேல் விழுந்தால் துணியை மெல்ல இழுத்தெடுக்கலாம், சலவைத் தொட்டி குறுக்கே நின்றால் அதனை அகற்றலாம் என்று பழைய ஆட்ட விதிகளில் எழுதிவைத்திருந்தார்கள் என்றால், துணி உலர்த்துவோரும் பந்தடிப்போரும் எவ்வளவு நெருங்கி வாழ்ந்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள்!

பொது நிலத்துக்கு எங்கும் வரும் ஆபத்து அங்கும் வந்தது. 1797இல் கடனில் அமிழ்ந்திருந்த நகரசபை திடலைக் கைமாற்றியது. பெற்றவர்கள் முயல்களைப் பெருக்கி வியாபாரம் நடத்தினர். ஆடுமிடமெங்கும் வளைகள் தோன்றின. ஊரார் முயல்களைக் கொன்றனர், கைகலப்பு நேர்ந்தது, வழக்கு நீதிமன்றம் ஏறியது. இழுபறி ஏறத்தாழ இருபது ஆண்டு நீடித்தபின், 1821இல் ஜேம்ஸ் சீப் என்னும் நிலக்கிழார் நிலத்தை வாங்கி ஆட்டத்துக்கு விட்டார். பின்னர் 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே திடல் மீண்டும் நகரசபையின் கைக்கு வந்தது. 1974இல் இன்னொரு சட்டத்தினால் அதன் பராமரிப்பு ஒரு பொது நம்பிக்கைப் பொறுப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. உலகின் பெருஞ்செல்வர் காத்துக்கிடக்கும் அந்தப் புல்வெளி எந்தச் செல்வருக்கும் சொந்தமன்று. அவ்வூரில் வாழ்பவர் வெளியார் கொடுப்பதனோடு ஒப்பிடவொண்ணாத சிறு தொகைக்கு ஆண்டு முழுவதும் ஆடலாம்.

மாணவர்களுக்காக ஒரு வேடிக்கை. பழைய திடலில் பதினெட்டுக் குழிகள் உண்டு. 1764 வரையில் ஒரு சுற்றுக்கு 22 குழிகளாக இருந்ததை அவ்வாண்டில் பதினெட்டாக்கினர். உலகமெங்கும் இன்று பின்பற்றப்படும் எண்ணிக்கை அதுவே. போகும்போதும் திரும்பும்போதும் ஒரே பச்சைத் தளத்தை இரு குழிகள் பங்கிட்டுக்கொள்ளும். அவ்வாறான தளங்கள் ஏழு. 2உம் 16உம் ஒரு தளம். 3உம் 15உம் ஒரு தளம். இப்படியே 8உம் 10உம் வரை. எந்தச் சோடியைக் கூட்டினாலும் பதினெட்டே வரும்.

பந்தின் கதையில் எங்கள் பக்கத்து வாடையும் வீசுகிறது. முன்னாளிலே தோலுறைக்குள் ஒரு தொப்பி நிறைந்த இறகை அடைத்துத் தைத்தனர். கைதேர்ந்தவரும் நாளொன்றுக்குச் சில பந்துகளே செய்ய முடிந்ததால் விலை மிகுதி. 1848 அளவில் மலாய் நாட்டுக் காடுகளில் வடியும் கட்டபேர்ச்சா என்னும் மரப்பால் பந்தாக உருண்டது. விலை விழுந்தது, ஏழையும் தடி எடுத்தான். 1898இல் அமெரிக்கரான ஹாஸ்கெல் றப்பர் நூல் சுற்றிய பந்தை அமைத்தார். பிந்திய காலத்தில் மலாயாவிலும் இலங்கையிலும் றப்பர் மரங்களிற் பால் வெட்டியவர்களுட் பெருந்தொகையினர் தமிழ்த் தொழிலாளரே. அவர்கள் கையிற் பட்ட பால் எந்தக் கடற்கரைப் புல்லிலெல்லாம் உருண்டதோ!

கட்டபேர்ச்சாவினால் ஒரு நட்பும் முறிந்தது. இறகுப் பந்துத் தொழிலாளரான அலன் ரொபேட்சனிடம் வேலை பயின்ற ரொம் மொறிஸ், புதுப் பந்தை ஆடியதால் முதலாளியோடு பிணங்கி 1851இல் பிரெஸ்ட்விக்குக்குப் போனார். அங்கேதான் 1860இல் முதலாவது 'ஓப்பன்' போட்டி நடந்தது. ஆடியவர் எண்மர், பரிசு சிவப்புத் தோலில் ஓர் அரைக்கச்சை. முதலாண்டு வென்றவர் வில்லி பார்க். அதன்பின் மொறிஸ் நான்கு முறையும், அவர் மகன் நான்கு முறையும் வென்றனர். சென் அன்ட்ரூஸுக்குத் திரும்பித் திடற் காவலராகவிருந்து 1908இல் மறைந்த அக்கிழவர் ஒரு நெசவாளியின் மகன்.

இத்தனை பெருமைக்கும் நடுவில் ஒரு குறையையும் சொல்லாமல் விடலாகாது. துணி உலர்த்தப் பெண்ணுக்கு இடந்தந்த வெளியில் சங்கத்தின் கதவு அவளுக்கு அடைத்தே கிடந்தது. சென் அன்ட்ரூஸின் பெருஞ்சங்கம் 2014இலேயே பெண்களை உறுப்பினராக்க இசைந்தது. 1744இல் முதன்முதல் எழுத்தில் விதி வகுத்த சங்கமாகிய மியர்ஃபீல்டுக்கு 2017 வரை மனம் வரவில்லை. பெண்கள் காத்திருக்கவில்லை. 1867இலேயே திடலோரத்தில் குன்றும் குழியுமான ஒரு சிறு தளத்தில் தமக்கென ஒரு சங்கம் அமைத்து ஆடினர். 'இமயமலை' என்பது அத்தளத்தின் செல்லப் பெயர். இன்றும் சில பவுண் கொடுத்தால் எவரும் குழந்தை குட்டிகளுடன் அங்கு ஆடலாம். ஆச்சியின் பேர்த்தி முதலிற் பந்து தட்டியது அங்கேதான். அந்தப் படமும் எமக்குக் காட்டப்பட்டது, இருமுறை.

எங்கள் நாட்டுக்கும் இவ்வாட்டம் கடலோரத்திலேயே வந்திறங்கியது. 1879இல் கொழும்பு கோல்ப் சங்கம் தோன்றியபோது ஆடுகளம் காலிமுகத்திடல். அங்கே ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் அமைப்பித்து 1859இல் நிறைவுற்ற உலாவு பாதை, நகரப் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்கென்று கல்லிற் பொறித்து விடப்பட்டது. குழந்தைகள் ஓடும் இடத்திற் பந்தடிப்பது எவ்வளவு காலம் இயலும்? 1896இல் சங்கம் பொறளைக்குப் பெயர்ந்தது. அங்கே களனிவெளிப் புகையிரதம் இன்றும் ஆடுகளத்தின் ஊடாகவே ஓடுகின்றது. காலிமுகத்திடலில் இன்று பட்டமும் வடையும் மிஞ்சியிருக்கின்றன; அது நல்ல முடிவென்றே எண்ணுகிறோம். தேயிலைத் தோட்டத் துரைமாரின் நுவரெலியாத் திடல் 1889இல் எழுந்தது. 2016இல் அம்பாந்தோட்டைக் கரையில் ஒரு பெருவிடுதியோடு சேர்ந்து ஆடுகளம் ஒன்றும் திறக்கப்பட்டது. அங்கே ஆட வருபவருட் பலர் விடுதியின் விருந்தினர். ஊரவரின் ஆண்டுச் சீட்டு என்ற பேச்சு அங்கில்லை.

இங்கேதான் எமக்கு மனம் தரிக்கவில்லை. ஸ்கொட்லாந்திலேயே அபர்டீனுக்கு வடக்கே மெனி என்னுமிடத்தில், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான டொனால்ட் டிரம்ப் 2012இல் ஒரு புதுத் திடல் திறந்தார். காற்றோடு நகர்ந்துகொண்டிருந்த மணற்குன்றுகளைப் புல் நட்டு அசையாது கட்டினர். அயலிலே சிலர் வீட்டை விற்க மறுத்து நின்றனர். இயற்கைப் பாதுகாப்புக்கென அக்குன்றுகளுக்கு இருந்த தகுதி, அழிந்த பகுதியைப் பொறுத்தவரை, 2020இல் நீக்கப்பட்டது. காக்க வேண்டிய பொருள் அங்கு எஞ்சவில்லை என்பதே காரணம். முன்னைய திடல்களில் நிலம் ஆட்டத்தை ஆக்கியது. இங்கே ஆட்டத்துக்காக நிலம் மாற்றப்பட்டது.

நிலம் அடைபடுவது என்னவென்று ஓமந்தைக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2002இல் கண்டி வீதி திறந்தபோது இவ்வூர் ஒரு தேசத்தின் எல்லை போலாயிற்று. மூட்டையை அவிழ்த்து, அட்டையைக் காட்டி, வரிசையில் நின்று கடந்தவர் எத்தனை ஆயிரம்! அச்சோதனைச் சாவடி 2015இலேதான் நீங்கியது. ஆச்சியின் மகனும் அவ்வரிசையில் நின்று போனவரே. சென் அன்ட்ரூஸில், குலுக்கலில் இடம் கிடைக்காத தனி ஆட்டக்காரர் முன்பெல்லாம் நள்ளிரவிலிருந்தே திடல் வாசலில் வரிசையிடுவராம். முதன்முறை அதனைக் கண்ட இரவில் அவர் தாய்க்கு அனுப்பிய செய்தியை ஆச்சி எமக்கு வாசித்துக் காட்டினார். "அம்மா, இஞ்சையும் ஓமந்தை மாதிரி வரிசை. ஆனால் ஒருத்தற்றை பையையும் அவிழ்க்கேல்லை. விடியுமட்டும் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு நிக்கினம்."

அங்கே ஞாயிற்றுக்கிழமைகளிற் பழைய திடலில் ஆட்டம் இல்லை, பெரும்போட்டிக் காலம் நீங்கலாக. அன்று அது ஊராரின் பூங்கா. தாய்மார் தள்ளுவண்டியோடும், கிழவர் நாயோடும், பல்கலைக்கழக மாணவர் புத்தகத்தோடும் அதே விலையுயர்ந்த புல்லை மிதித்து நடப்பர். நாம் இதனைச் சொல்லக் கேட்ட ஆச்சி சற்று நேரம் யோசித்தார். வேலிக்கு அப்பால் அவருடைய இரண்டு பசுக்கள் அரிதாளை முகர்ந்துகொண்டு நின்றன.

"அப்ப ஞாயிற்றுக்கிழமையிலை மாட்டை விடலாமே? கேட்டு எழுதச் சொல்லுங்கோ, தம்பி."

எழுதினோம். மறுமொழி அடுத்த கிழமையே வந்தது. நாய்க்குத் தடையில்லையாம், மாட்டைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லையாம், தான் கேட்டுப் பார்த்தால் வேலை போய்விடும் என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தார்.