பாக்குத் தோட்டத்தில் எழுந்த நாடக மேடை

கிராமத்தில் நாடகம் போடுவது நமக்குப் புதிதன்று. திருவிழாவுக்கு இரண்டு மாதம் முன்னரே ஒத்திகை தொடங்கும். வசூல் நோட்டு தெருத்தெருவாகச் செல்லும். கோயில் திடலில் கொட்டகை எழும். இரண்டோர் ஆண்டுகள் சிறப்பாக நடக்கும். பின்பு, முன்னின்று நடத்தியவர் வெளியூர் சென்றுவிட்டால், திரைச்சீலை பரணில் ஏறிவிடும். சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் பணியில் இதே நிலையைச் சில கூட்டுறவுச் சங்கங்களிலும் கண்டிருக்கிறேன். ஒருவர் தோளில் மட்டும் நிற்கும் சங்கம் அவரோடு சாய்ந்துவிடுகிறது. அவ்வாறு சாயாத நாடகக் குழு ஒன்றின் வரலாற்றை நம் அங்கத்தினர்கள் அறிவது நலம்.

கர்நாடக மாநிலம் சிவமொக்கா மாவட்டத்தில், சாகர் நகரத்தை அடுத்து ஹெக்கோடு என்னும் சிற்றூர் உள்ளது. மழை மிகுந்த மலைநாடு. பாக்கே முதன்மையான விளைபொருள். 1949-ஆம் ஆண்டில், பாக்கு விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த கே. வி. சுப்பண்ணாவும் அவருடைய தோழர்களும் அங்கே ஒரு நாடகச் சங்கம் கண்டனர். நீலகண்டேசுவர நாட்டிய சேவா சங்கம் என்பது அதன் பெயர், சுருக்கமாக நீனாசம். நடித்தவர்கள் உழவைத் துறந்தவர்கள் அல்லர். நாடகம் அவர்களுக்குப் பிழைப்பு அன்று, ஊர்ப்பணி.

சங்கம் படிப்படியாக வளர்ந்தது. 1972-இல் சொந்த அரங்கம் அமைந்தது. மறு ஆண்டில் திரைப்படச் சங்கம் தோன்றி, உலகின் சிறந்த படங்களைக் கிராமத்தார் கண்முன் கொணர்ந்தது. 1980-இல் நாடகப் பயிற்சிப் பள்ளி பிறந்தது. 1985 முதல் ‘திருகாட்ட’ என்னும் சுற்றுக்குழு, மேடைச் சாமான்களுடன் ஊர் ஊராகச் செல்லத் தொடங்கியது.

அவர்கள் மேடையேற்றியவற்றைப் பார்த்தால் வியப்பு உண்டாகிறது. காளிதாசனின் சகுந்தலையும் ஷேக்ஸ்பியரும் பிரெக்டும் அங்கே கன்னடம் பேசினர். பு. தி. நரசிம்மாச்சாரின் ‘கோகுல நிர்கமன’ நாடகத்தை பி. வி. காரந்த் இயக்கினார். ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்களே நடிகர்களாகி, ஆப்பிரிக்க எழுத்தாளர் சினுவா அச்சிபியின் நாவலை நாடகமாக நிகழ்த்தினர். ‘கிராமத்தாருக்கு இவ்வளவு போதும்’ என்ற எண்ணத்துக்கு நீனாசம் இடம் கொடுக்கவில்லை. 1991-இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. 2005-இல் அவர் மறைந்தார், மேடை மறையவில்லை. பொறுப்பேற்கப் பலர் ஆயத்தமாக இருந்ததே காரணம்.

நெசவாளர் கருதத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. நாடக இயக்குநர் பிரசன்னா, அருகிலுள்ள பீமனகோணே கிராமத்தில் 1996-இல் ‘சரகா’ என்னும் மகளிர் கூட்டுறவுச் சங்கம் உருவாக முன்னின்றார். பெண்கள் கைத்தறி நெய்தனர். பாக்கு வேகவைத்த சாறு நூலுக்குச் சாயமாயிற்று. தோட்டமும் தறியும் இவ்வாறு கைகோத்தன.

நம் ஊர் நாடகக் குழுவுக்கும் நடவடிக்கைப் புத்தகம் வேண்டும். சாமான் பட்டியல் வேண்டும். காரியதரிசிக்குத் துணையாக, அடுத்துப் பொறுப்பேற்கும் இளைஞர் ஒருவர் இப்போதே பழக வேண்டும். வரும் திருவிழாவுக்கு வசூல் நோட்டை எடுக்கும் முன் இம்மூன்றையும் செய்துவிட்டால், பரணிலுள்ள திரைச்சீலை ஆண்டுதோறும் கீழே இறங்கும்.