நட்சத்திரங்களைப் படம் எடுக்க காட்டுக்குப் போறீங்களா? புலியைவிட தரையை முதலில் கவனிங்க

"அடுத்த அமாவாசைக்கு பால்வீதி படம் எடுக்கப் போகலாமா?" உங்கள் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் யாராவது இப்படிக் கேட்டிருப்பார்கள். சென்னை, பெங்களூரு வானத்தில் பால்வீதி தெரியாது. அதற்கு நல்ல இருட்டு வேண்டும். அப்படி இருட்டு மிச்சமிருக்கும் பல இடங்களில் காட்டு விலங்குகளும் இருக்கின்றன. அங்கே இரவில் கேமராவோடு நிற்கலாமா? மகாராஷ்டிராவின் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை வைத்துப் பார்ப்போம்.

ஏன் பெஞ்ச்?

நாக்பூருக்கு வடக்கே, மத்தியப் பிரதேச எல்லையை ஒட்டிய காடு இது. டார்க்ஸ்கை இன்டர்நேஷனல் அமைப்பு 2024 ஜனவரியில் இதை 'இருள் வானப் பூங்கா'வாக அங்கீகரித்தது. இந்தியாவில் இதுதான் முதலாவது, ஆசியாவில் ஐந்தாவது. இதற்காக வாகோலி, சில்லாரி உள்ளிட்ட 4 கிராமங்களில் 100-க்கும் மேற்பட்ட விளக்குகள் மாற்றப்பட்டன. இப்போது வெளிச்சம் வானத்துக்குப் போகாமல் தரையில் மட்டும் விழுகிறது.

நினைத்த இடத்தில் நிற்க முடியுமா?

முடியாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் உள்ளே போக அனுமதி வேண்டும். புகைப்படம் எடுக்கவும் அனுமதி வாங்கலாம். ஆனால் வாழிடத்துக்கோ விலங்குக்கோ பாதிப்பு வரக் கூடாது. காப்பகத்தின் மையப் பகுதியில் சுற்றுலாப் பயணிகளுக்கு இரவில் இடமே இல்லை. அதாவது, நீங்கள் நிற்கப்போவது வெளியே உள்ள பஃபர் பகுதியில், வனத்துறை அனுமதிக்கும் இடத்திலோ தங்கும் விடுதி வளாகத்திலோதான். பஃபர் என்றால் விலங்கு இல்லாத இடம் என்று நினைத்துவிடாதீர்கள். புலிக்கும் சிறுத்தைக்கும் நம் எல்லைக்கோடு தெரியாது.

உண்மையான ஆபத்து எது?

எண்களைப் பார்ப்போம். இந்தியாவில் சமீப ஆண்டுகளில் புலி தாக்கி இறந்தவர்கள் ஆண்டுக்கு சுமார் 50 முதல் 110 பேர். யானையால் இறப்பவர்கள் சுமார் 500 பேர். பெஞ்ச் காட்டில் யானைக் கூட்டம் இல்லை, ஆனால் நீலகிரி, வால்பாறை பக்கம் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்புக்கடி? 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000!

இவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். அதனால் இந்த எண்களை அப்படியே சுற்றுலாப் பயணிக்குப் பொருத்த முடியாது. ஆனால் இருட்டில், தரையில், பல மணி நேரம் என்ற உங்கள் சூழ்நிலை அவர்களுடையதைப் போன்றதுதான். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். அது கடித்தால் பெரிதாக வலிக்காமலே போகலாம். பாய் விரித்துப் படுத்துக்கொண்டு வானம் பார்க்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். நாற்காலி, கணுக்காலுக்கு மேல் வரும் ஷூ, மூடி வைத்த கேமரா பை, இவை மூன்றும் கட்டாயம்.

டார்ச் அடிக்கலாமா?

குழப்பம் வருவது இங்கேதான். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒருமுறை வெள்ளை டார்ச் அடித்தால் மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். அதனால்தான் 'மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் போதும்' என்பார்கள். ஆனால் அந்த வெளிச்சத்தில் பாம்பு தெரியாமல் போகலாம்.

வழி எளிது. நடக்கும்போது வெள்ளை டார்ச்சைத் தரையை நோக்கி அடியுங்கள். டிரைபாட் வைத்த பிறகு சிவப்புக்கு மாறுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். படம் அழகாக வரட்டும் என்று மரத்தின் மேல் வெளிச்சம் அடிக்கவும் வேண்டாம். அது விலங்கையும் தொந்தரவு செய்யும், பக்கத்தில் நிற்பவர் படத்தையும் கெடுக்கும்.

கேமராவை எப்படி செட் பண்ணுவது?

500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால், நட்சத்திரம் கோடாக இழுக்காமல் எத்தனை விநாடி படம் எடுக்கலாம் என்பது தோராயமாகக் கிடைக்கும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 20 மி.மீ. லென்ஸ் என்றால் 25 விநாடி. எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200-ல் ஆரம்பியுங்கள்.

மார்ச், ஏப்ரலில் பால்வீதியின் மையம் நள்ளிரவுக்குப் பிறகுதான் நன்றாக மேலே வரும். அதாவது நீங்கள் வெளியே நிற்பது விலங்குகள் நடமாடும் நேரத்தில். எனவே இன்டர்வலோமீட்டரை மாட்டிவிட்டு, கேமரா தானாகப் படம் எடுக்கும்போது நீங்கள் வண்டியிலோ வராந்தாவிலோ உட்காருங்கள். தனியாகப் போகாதீர்கள். ஒருவர் திரையைப் பார்த்தால் இன்னொருவர் சுற்றிலும் பார்க்க வேண்டும்.

கிளம்பும் முன்...

விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனை எது, அங்கே போக எவ்வளவு நேரமாகும் என்று பகலிலேயே கேட்டு வையுங்கள். காட்டில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். பாம்பு கடித்தால் காயத்தைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடித்த பகுதியை அசைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். இவ்வளவும் முடித்த பிறகு, அமாவாசை எப்போது என்று காலண்டரைப் பாருங்கள்.