உஷார்! ஆப் காட்டும் மார்க்கை நம்பி எஃப்.எம்.ஜி.இ. எழுதப் போகாதீர்கள்!

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு எஃப்.எம்.ஜி.இ. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறதா? முதலில் நீங்கள் இதைப் படியுங்கள். பிறகு பிள்ளை கையில் கொடுங்கள்.

"ஆப்புல 74 பர்சென்ட் வருதும்மா. பாஸுக்கு 50 போதும். ஈஸியா கிளியர் பண்ணிடுவேன்."

இதைக் கேட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். அந்த 74 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்!

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெண் கிர்கிஸ்தானில் படித்தவள். வீட்டை அடமானம் வைத்துத்தான் அப்பா படிக்க வைத்தார். ஊர் திரும்பி ஏழு மாதம் ராப்பகலாகப் படித்தாள். சோம்பேறி என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஆப்பில் உள்ள கேள்வி வங்கியில் (கியூபேங்க்) தினம் நூறு கேள்வி போடுவாள். சராசரி 74 சதவீதம் காட்டியது. அப்படியென்றால் 300-க்கு 222 வந்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

ரிசல்ட் வந்தது. 143.

ஏழே மார்க்கில் போனது. அப்பா கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டார். "பொண்ணு டாக்டர் ஆயிட்டாளா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களே!

பிறகு உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 74 என்பது இரண்டாவது சுற்றில் எடுத்தது. அதே கேள்விகளை முதல் தடவை போட்டபோது 51தான். இரண்டாம் முறை முதல் வரியைப் படித்ததுமே விடை நினைவுக்கு வந்துவிட்டது. முழு 300 கேள்வி டெஸ்ட்டை ஒரே ஒரு முறைதான் எழுதியிருக்கிறாள். அதையும் நிறுத்தி நிறுத்தி இரண்டு நாளில் முடித்திருக்கிறாள். அதில் வந்தது 156. "பாஸ்தானே" என்று விட்டுவிட்டாள்.

பரீட்சை அப்படி நடக்காது! ஒரே நாளில் 300 கேள்விகள். 150 கேள்விகளாக இரண்டு பகுதி. ஒவ்வொன்றுக்கும் 150 நிமிடம். கேள்விக்கு ஒரு நிமிடம்தான். தவறுக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், ஆனால் 150 எடுத்தே ஆக வேண்டும். 149 என்றாலும் ஃபெயில்தான். 2025 ஜூன் தேர்வை எழுதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் தேறவில்லை. அவர்கள் யாரும் படிக்காமல் போனவர்கள் என்று நினைக்கிறீர்களா?

தேறாவிட்டால் மெடிக்கல் கவுன்சில் பதிவு கிடையாது. பதிவு இல்லாமல் இங்கே இன்டர்ன்ஷிப் சேர முடியாது. தேர்வு வருடத்துக்கு இரண்டு முறைதான். ஏழு மார்க்குக்காக ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். கடனுக்கு வட்டி காத்திருக்காது.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் உஷார்!

பார்த்த கேள்வியையே மறுபடி போட்டு எடுத்த மார்க். அது ஞாபக சக்தியின் மார்க். பரீட்சையில் வரப்போவது பார்க்காத கேள்வி!

பாடம் கேட்ட சூட்டோடு போட்ட டெஸ்ட். காலையில் இதய நோய் வீடியோ, மாலையில் இதய நோய் கேள்விகள். எந்தப் பாடம் என்று தெரிந்தாலே பாதி விடை தெரிந்த மாதிரி. பரீட்சையில் அந்தத் துப்பு கிடைக்காது.

குட்டி டெஸ்ட். 50 கேள்வியில் 30 சரியென்றால் 60 சதவீதம் என்று துள்ளாதீர்கள். இவ்வளவு சின்ன டெஸ்ட்டில் அதிர்ஷ்டம் மட்டுமே 14 சதவீதம் வரை ஏற்றியோ இறக்கியோ காட்டலாம். உண்மையான தரம் 46 ஆகவும் இருக்கலாம்!

பிடித்த பாடத்தின் மார்க். அனாடமிக்கு 17 கேள்விதான். பொது மருத்துவத்துக்கு 33, சர்ஜரிக்கு 32, மகப்பேறுக்கு 30, சமூக மருத்துவத்துக்கு 30. இந்த நான்கிலேயே 125 மார்க் உட்கார்ந்திருக்கிறது. இவற்றை ஒதுக்கிவிட்டு எடுத்த சராசரி உதவாது.

பர்சென்டைலை மார்க் என்று நினைப்பது. 70 பர்சென்டைல் என்றால் அந்த டெஸ்ட்டை எழுதிய நூறு பேரில் 70 பேரை முந்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அந்த நூறு பேரும் 150-ஐத் தொடாதவர்களாக இருந்தால்?

மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. டெஸ்ட்டை வைத்துக் கணக்குப் போடுவது. அதில் 200 கேள்விகள், சரிக்கு 4 மார்க், தவறுக்கு 1 மார்க் குறையும். இரண்டும் வேறு வேறு பரீட்சை!

'ரீகால்' கேள்விகளில் எடுத்த மார்க். உண்மையான வினாத்தாளை வெளியிடுவதில்லை. யாரோ நினைவில் வைத்துச் சொன்னதைத்தான் நீங்கள் மனப்பாடம் செய்கிறீர்கள்.

இன்னொன்று, மிக முக்கியம். "கேள்வி கையில் இருக்கிறது, பாஸ் உறுதி" என்று யாராவது பணம் கேட்டால் அந்த நிமிடமே போனை வையுங்கள்!

சரி, 156 வந்ததே, அது பாஸ்தானே என்கிறீர்களா? அங்கேதான் ஆபத்து. அதே தரத்தில் உள்ளவர் வேறு 300 கேள்வியை எழுதினால் எட்டு, ஒன்பது மார்க் ஏறுவதும் இறங்குவதும் சகஜம். கேள்விகள் மாறியதாலேயே 17 மார்க்கூடக் குறையலாம். ஆறு மார்க் வித்தியாசம் உங்களைக் காப்பாற்றாது.

என்ன செய்யலாம்? தொடாத முழு டெஸ்ட் மூன்றை இப்போதே ஒதுக்கி வையுங்கள். கடைசி இரண்டு மாதத்தில் ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஒரே நாள், இரண்டு பகுதி, போன் அடுத்த அறையில். தெரிந்து போட்ட விடை எத்தனை, ஊகித்துப் போட்டது எத்தனை என்று தனித்தனியாகக் குறியுங்கள். தெரிந்து போட்டு சரியானவை மட்டுமே 150-ஐ நெருங்கினால் தைரியமாகப் போகலாம். மூன்றில் குறைந்த மார்க் எதுவோ, அதையே உங்கள் மார்க்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

மார்க் குறைந்தால் உடைந்து போகாதீர்கள், கண்ணு. சில டெஸ்ட்களில் வேண்டுமென்றே கடினமான கேள்விகளைப் போடுவார்கள். எந்தப் பாடத்தில் ஓட்டை என்று பரீட்சைக்கு முன்பே தெரிவது நல்லதுதான்.

அந்தப் பெண் அடுத்த முறை இப்படித்தான் தயாரானாள். மூன்று டெஸ்ட்டில் அவள் எடுத்த குறைந்த மார்க் 171. பரீட்சையில் 178 எடுத்துத் தேறினாள். அதே பெண், அதே மேஜை. மாறியது மார்க்கைப் பார்த்த விதம் மட்டும்தான்.

அம்மாக்களே, அப்பாக்களே! இன்று ராத்திரி சாப்பாடு போடும்போது "எத்தனை பர்சென்ட்?" என்று கேட்காதீர்கள். "போட்டது புதுக் கேள்வியா, பழைய கேள்வியா?" என்று கேளுங்கள்.